சிரிப்பை ஆராய எங்கிருந்து தொடங்குவது?

நகைச்சுவையை ஆராய்கிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "எங்கே, ஒரு ஜோக் சொல்லு பார்ப்போம்" என்பார். இதய நோயை ஆராய்கிறவரிடம் யாரும் மாரடைப்பு வரவழைத்துக் காட்டச் சொல்வதில்லை. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். சிரிக்கவைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இங்கே இல்லை. காது கூர்மையாக இருந்தால் போதும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

மொழியியல், உளவியல், இலக்கியம், சமூகவியல், தத்துவம், நரம்பியல் என்று எந்த வாசல் வழியாகவும் உள்ளே வரலாம். எந்த வாசல் வழியாக வந்தாலும் முதலில் இடறும் படி ஒன்று உண்டு. அதிலிருந்து தொடங்குவோம்.

முதல் படி: சிரிப்பையும் நகைச்சுவையையும் பிரித்து வையுங்கள்

புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் "நாம் ஏன் சிரிக்கிறோம்?" என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே ஜோக்குகளைப் பற்றி எழுதுவார்கள். கேள்வி ஒன்று, விடை வேறொன்றுக்கு. சிரிப்பு என்பது உடலும் குரலும் செய்கிற செயல். நகைச்சுவை என்பது ஒரு பேச்சிலோ படத்திலோ நிகழ்ச்சியிலோ நாம் காணும் ஒரு தன்மை. இரண்டும் அடிக்கடி சேர்ந்து வரும். ஒன்றில்லாமல் ஒன்று வருவது அதைவிட அதிகம்.

அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ராபர்ட் ப்ரொவைன் முதலில் ஆட்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் சிரிப்பை ஆராயப் பார்த்தார். அங்கே சிரிப்பு சரியாக வரவில்லை. பிறகு அவரும் மாணவர்களும் பொது இடங்களில் நின்று, மக்கள் இயல்பாகப் பேசும்போது எப்போது சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். 1993இல் வெளியான அந்த ஆய்வில் 1,200 சிரிப்புகள் உள்ளன. சிரிப்புக்கு முன்னால் வந்த பேச்சுகளில் வேடிக்கை என்று சொல்லத்தக்கவை நூற்றுக்கு 10 முதல் 20 வரைதான். மற்றதெல்லாம் "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்பது போன்ற சாதாரணப் பேச்சு. இன்னொன்றும் தெரிந்தது: கேட்பவரைவிடப் பேசுபவரே 46 சதவீதம் அதிகமாகச் சிரிக்கிறார். மேடைப் பேச்சையும் நகைச்சுவை நிகழ்ச்சிகளையும் மட்டுமே பார்த்து ஒரு கோட்பாட்டைக் கட்டினால், இந்த நடைமுறைச் சிரிப்பு முழுவதும் அதற்கு வெளியே நின்றுவிடும்.

சிரிப்பு நகைச்சுவையே இல்லாமல் வருவதற்கு இன்னும் கடுமையான சான்றுகள் உண்டு. 1962 ஜனவரி 30 அன்று தங்கனீக்காவில் (இன்றைய தான்சானியா) கஷாஷா என்ற ஊரின் பெண்கள் பள்ளியில் மூன்று மாணவிகளுக்குச் சிரிப்பு தொடங்கியது. மார்ச் 18 அன்று பள்ளியை மூட வேண்டியதாயிற்று. அதற்குள் 159 மாணவிகளில் 95 பேருக்கு அது தொற்றியிருந்தது. இதைச் 'சிரிப்புத் தொற்று' என்று வேடிக்கைக் கதையாகச் சொல்கிறவர்கள் பலர். அடுத்த ஆண்டு மருத்துவர்கள் எழுதிய அறிக்கையைப் படித்தால் அழுகையும் பதற்றமும் கலந்த ஒரு துன்பம் தெரிகிறது. மன அழுத்தம் கூட்டத்தில் பரவும் நோய் வகையைச் சேர்ந்தது அது. நகைச்சுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

1998இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு குறிப்பையும் தேடிப் படியுங்கள். வலிப்பு நோய்க்கான அறுவைக்கு முன் 16 வயதுப் பெண் ஒருத்தியின் மூளையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். முன்மூளையின் இடப்பக்கத்தில் ஒரு சிறு பகுதியில் மின்தூண்டல் கொடுத்ததும் அவள் சிரித்தாள். குறைந்த மின்னோட்டத்துக்குப் புன்னகை, கூட்டினால் வாய்விட்ட சிரிப்பு. ஏன் சிரித்தாய் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னாள்: ஒருமுறை அவளுக்குக் காட்டிய குதிரைப் படம், இன்னொருமுறை சுற்றி நிற்கும் மனிதர்கள். அதாவது சிரிப்பு முதலில் வந்தது, வேடிக்கை பிறகு கண்டுபிடிக்கப்பட்டது. "ஏன் சிரித்தீர்கள்?" என்று கேள்வித்தாள் கொடுத்து ஆய்வு செய்ய நினைப்பவர்கள் இந்தப் பெண்ணை மறக்காமல் இருப்பது நல்லது.

இரண்டாம் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

சிரிப்பு, நகைச்சுவை இரண்டில் எது உங்களுடையது என்று முடிவு செய்த பிறகு கேள்வியை இன்னும் சிறிதாக்குங்கள். "தமிழ்த் திரைப்படங்களில் நகைச்சுவை" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. ஒரு நூலகத்தின் பெயர்ப்பலகைக்குத்தான் அது பொருந்தும். "இருவர் பேசும் காட்சியில் ஒருவர் கேலி செய்யும்போது மற்றவர் சிரித்து ஏற்பது எப்போது, பேச்சை மாற்றுவது எப்போது?" என்பது ஆய்வுக் கேள்வி. இதற்கு எதைப் பார்க்க வேண்டும், எதை எண்ண வேண்டும் என்பது கேள்வியிலேயே இருக்கிறது.

சிரிப்பின் பக்கம் போகிறவர்கள் மனிதர்களோடு நின்றுவிட வேண்டும் என்றும் இல்லை. நரம்பியல் ஆய்வாளர் ஜாக் பாங்க்செப் எலிகளைக் கிச்சுகிச்சு மூட்டி, அவை 50 கிலோஹெர்ட்ஸ் அளவில், மனிதக் காதுக்கு எட்டாத கீச்சொலி எழுப்புவதைப் பதிவு செய்தார். 2009இல் மரினா டாவிலா ராஸ் குழுவினர் மனிதக் குழந்தைகளையும் பெருங்குரங்குக் குட்டிகளையும் கிச்சுகிச்சு மூட்டிய ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டு, சிரிப்பின் வேர் நம் பொதுமூதாதைவரை போகிறது என்று காட்டினார்கள். இவர்களில் யாரும் ஒரு ஜோக்கையும் தொடவில்லை.

மூன்றாம் படி: கோட்பாடுகளைச் சண்டைக்கு விடாதீர்கள்

எந்தப் பாடநூலைத் திறந்தாலும் மூன்று பெருங்கோட்பாடுகள் வரிசையாக வரும். உயர்வெண்ணம், விடுவிப்பு, முரண். மூன்றில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லத்தான் தான் வந்திருப்பதாகப் புதியவர் நினைத்துக்கொள்வார். என் பார்வையில் அவை மூன்றும் மூன்று கேள்விகளுக்கான விடைகள். யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பது உயர்வெண்ணக் கோட்பாட்டின் கேள்வி. சிரிப்பவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது விடுவிப்புக் கோட்பாட்டின் கேள்வி. சிரிக்கவைத்த பொருளின் கட்டமைப்பு என்ன என்பது முரண் கோட்பாட்டின் கேள்வி.

தமிழில் படிக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதை விட்டுவிட்டு நேரே பிளேட்டோவுக்கு ஓடுகிறோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கேலி, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, பிறர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாத அப்பாவித்தனம் என்று இன்றைய பேச்சில் சொல்லலாம். இதில் எள்ளலை, பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரை இரண்டாகப் பிரிக்கிறது: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது, பிறர் தன்னை எள்ளும்போது தானே சிரிப்பது. இரண்டாவதைக் கவனியுங்கள். பிறர் கேலியைத் தாங்கித் தானும் சேர்ந்து சிரிக்கும் மனிதரை இன்றைய உளவியல் தனித் தலைப்பாகவே ஆராய்கிறது.

நாட்டிய சாத்திரம் வேறு வழியில் போகிறது. பல் தெரியாத புன்முறுவலில் தொடங்கி உடல் குலுங்கும் சிரிப்புவரை ஆறு வகை வைத்து, உயர்ந்த பாத்திரத்துக்கு எது, தாழ்ந்த பாத்திரத்துக்கு எது என்று பங்கும் போட்டுவிடுகிறது. தொல்காப்பியம் சிரிப்பின் காரணத்தை வகைப்படுத்துகிறது, நாட்டிய சாத்திரம் சிரிப்பின் உருவத்தை. முதல் படியில் சொன்ன பிரிவு இங்கேயே இருக்கிறது. ('இடுக்கண் வருங்கால் நகுக' என்று கட்டுரையைத் தொடங்கும் ஆசை உங்களுக்கும் வரும். எல்லோரும் தொடங்கிவிட்டார்கள், விட்டுவிடுங்கள்.)

மேற்கில் உயர்வெண்ணக் கோட்பாட்டைக் கூர்மையாகச் சொன்னவர் ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ். பிறரிடம் ஒரு குறையைக் கண்டதும் நமக்குள் திடீரென எழும் பெருமிதமே சிரிப்பு என்றார், 1651இல். 1725இல் ஹட்சிசன் மறுத்தார்: அப்படியானால் வண்டியில் போகும் செல்வந்தர் தெருவில் பிச்சைக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டுமே? உள்ளே தேங்கிய அழுத்தம் சிரிப்பாக வெளியேறுகிறது என்ற விடுவிப்புக் கோட்பாட்டுக்கு ஸ்பென்சர் (1860), ஃப்ராய்டு (1905). முரணுக்குக் கான்ட் (1790): இறுகிய எதிர்பார்ப்பு சட்டென்று ஒன்றுமில்லாமல் ஆவது. 1972இல் உளவியலாளர் ஜெரி சல்ஸ் அதை இரண்டு கட்டமாக்கினார். முதலில் முரண் தட்டுகிறது, பிறகு கேட்பவர் அதற்குள் ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்து முரணை அவிழ்க்கிறார்.

முரண் இருந்தால் போதுமா? ஸ்வீடனின் யோரான் நேர்ஹார்ட் செய்த சோதனை இதைத்தான் தொட்டது. ஒரே மாதிரி தோன்றும் எடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஒப்பிடச் சொல்லி, கடைசியில் மிகவும் வேறுபட்ட எடை ஒன்றைக் கொடுத்தார். எடை எந்த அளவுக்கு எதிர்பார்ப்பைத் தாண்டியதோ அந்த அளவுக்குச் சிரித்தார்கள். ஜோக் இல்லை, சொல் இல்லை, வெறும் எடைதான். ஆனால் இதற்கு முன்பு அவர் ஸ்டாக்ஹோம் ரயில் நிலையத்தில் பயணிகளைப் பெட்டி தூக்கச் சொல்லிப் பார்த்தபோது யாரும் சிரிக்கவில்லை. வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பவருக்குப் பெட்டியின் எடை மாறினால் அது குழப்பம், வேடிக்கை ஆகாது. விளையாட்டு மனநிலை என்ற மூன்றாவது பொருளும் தேவை. 2010இல் மெக்ரா, வாரன் இருவரும் முன்வைத்த 'தீங்கற்ற மீறல்' கோட்பாடு இதைத்தான் வேறு சொற்களில் பிடிக்கிறது: ஏதோ ஒன்று வரம்பு மீற வேண்டும், அதே நேரத்தில் அது ஆபத்தில்லாததாகவும் தோன்ற வேண்டும்.

நான்காம் படி: ஒரு துணுக்கைக் கழற்றிப் பாருங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாக இருப்போம். கோட்பாட்டைப் படித்துவிட்டு உடனே எழுத உட்காருகிறவர்கள் பலர். அதற்கு முன் ஒரு சிறிய துணுக்கை எடுத்து, அதன் உறுப்புகளைத் தனித்தனியே கழற்றிப் பார்க்கும் பயிற்சி அவசியம். வார இதழ்களில் பல வடிவங்களில் சுற்றி வந்த பழைய சரக்கு ஒன்று:

"டாக்டர், எனக்கு ஞாபக மறதி ரொம்ப அதிகமாயிடுச்சு."
"அப்படியா? அப்ப ஃபீஸை முதல்லயே கட்டிடுங்க."

1985இல் மொழியியலாளர் விக்டர் ராஸ்கின் சொன்னது: ஒரு ஜோக்கின் வாசகம் இரண்டு சட்டகங்களுக்குப் பொருந்த வேண்டும், அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும். சட்டகம் என்றால் ஒரு சூழலைப் பற்றி நம் தலையில் ஏற்கெனவே இருக்கும் தகவல் தொகுப்பு. மருத்துவமனை என்றதும் நோய், கேள்வி, பரிசோதனை, மருந்து என்று வரிசையாக எதிர்பார்க்கிறோம். 1991இல் சால்வடோர் அட்டார்டோவும் ராஸ்கினும் சேர்ந்து இதை விரித்து ஆறு அடுக்குகளாக்கினார்கள். நம் துணுக்கில் அவற்றைத் தேடுவோம்.

சட்டக முரண்: நோயைத் தீர்ப்பவர் எதிர் பணம் வசூலிப்பவர். மறதி முதல் சட்டகத்தில் நோய், இரண்டாவதில் வாராக்கடன் ஆபத்து. தர்க்கப் பொறி: மறதி உள்ளவர் பணம் கட்டவும் மறப்பார் என்ற கணக்கு. தன்னளவில் அது சரியான கணக்குதான், வந்த இடம்தான் தவறு. சூழல்: மருத்துவரின் அறை. இலக்கு: இதைப் புதியவர்கள் பெரும்பாலும் நோயாளி என்று எழுதுவார்கள், ஏனென்றால் குறை அவரிடம் இருக்கிறது. திரும்பப் படியுங்கள். அடி வாங்குவது டாக்டர். கூற்றுமுறை: இரண்டே வரி உரையாடல், கதைசொல்லி இல்லை. மொழி: பேச்சு வழக்கு.

இப்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். டாக்டரை வக்கீல் ஆக்கினால் துணுக்கு உயிரோடு இருக்கிறது. உரையாடலை எடுத்துவிட்டு "ஒரு நோயாளி இப்படிச் சொன்னாராம், அதற்கு அந்த டாக்டர்" என்று சொன்னாலும் பிழைத்துக்கொள்கிறது. பேச்சு வழக்கை எடுத்துவிட்டு "அவ்வாறாயின் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்திவிடுங்கள்" என்று எழுதினால் டாக்டர் வேறு ஆளாகிவிடுகிறார், ஆனாலும் வேடிக்கை மிஞ்சுகிறது. சட்டக முரணைத் தொடுங்கள்: "அப்படியா? எவ்வளவு நாளாக?" என்று கேட்டால் துணுக்கே இல்லை, வெறும் மருத்துவ ஆலோசனை. அடுக்குகளுக்குள் ஒரு தரவரிசை இருக்கிறது, மேலே இருப்பதை மாற்றினால் அது வேறு ஜோக், கீழே இருப்பதை மாற்றினால் அதே ஜோக்கின் வேறு வடிவம் என்பதுதான் அவர்கள் கோட்பாட்டின் உயிர்நாடி. 1993இல் வில்லிபால்ட் ரூக் அவர்களோடு சேர்ந்து, எந்தெந்த ஜோக்குகள் ஒன்றுபோல இருக்கின்றன என்று வாசகர்களிடம் கேட்டுச் சோதித்தார். தர்க்கப் பொறி மட்டும் கோட்பாடு சொன்ன இடத்தில் சரியாக உட்காரவில்லை. இன்றும் அந்த அடுக்கைப் பற்றித்தான் தகராறு.

இன்னொரு மாற்றம் செய்து பாருங்கள், இதில்தான் நிறையக் கற்கலாம்: "அப்படியா? நீங்க மறந்துடுவீங்க, அதனால ஃபீஸை முதல்லயே கட்டிடுங்க." ஆறு அடுக்கில் ஐந்தும் அப்படியே இருக்கின்றன. சொற்கள் இரண்டு மூன்று கூடியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் செத்துவிட்டது. சல்ஸ் சொன்ன இரண்டாம் கட்டத்தை, அதாவது முரணை அவிழ்க்கும் வேலையை, டாக்டரே செய்துவிட்டார்; கேட்பவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. எது சொல்லப்படவில்லை என்பதையும் உங்கள் பகுப்பாய்வில் எழுதப் பழகுங்கள். சொல்லப்பட்டதை மட்டும் குறித்துக்கொண்டு போகும் ஆய்வேடுகளில் ஜோக்குகள் எல்லாம் இந்த இரண்டாவது வடிவத்தில்தான் கிடக்கும்.

சிலேடைத் துணுக்குகளுக்கு வேறு அளவுகோல் வேண்டும். சொல்லை மாற்றினால் சாகும் வேடிக்கை, பொருளில் நிற்கும் வேடிக்கை என்று பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவே பிரித்திருக்கிறார். உங்கள் தொகுப்பை முதல் வேலையாக இப்படி இரண்டாகப் பிரித்துவிடுங்கள், பிறகு குழப்பம் குறையும்.

ஐந்தாம் படி: பேச்சைப் பதிவு செய்து எழுதுங்கள்

உரையாடலில் வரும் சிரிப்பை ஆராய நினைப்பவர்களுக்கு இதுதான் முக்கியப் படி, ஜோக் ஆராய்பவர்களுக்கும் ஒருமுறை செய்து பார்க்கத் தகுந்தது. பேசுகிறவர்களிடம் முன்அனுமதி வாங்குங்கள். பதிவு எதற்கு, யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதை எழுத்தில் கொடுங்கள். நிறுவனத்தில் இருப்பவர் என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஒளிந்திருந்து பதிவு செய்த பேச்சை எந்த இதழும் ஏற்காது.

பதிவு செய்ததை எழுதும்போது அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று போட்டுவிட்டு நகராதீர்கள். உரையாடல் பகுப்பாய்வில் கெயில் ஜெஃபர்சன் கொண்டுவந்த பெரிய மாற்றமே, சிரிப்பை அது ஒலித்தபடி, விழுந்த இடத்தில் எழுதியதுதான். ஓர் உரையாடல் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

அ: நேத்தும் பஸ்ஸை வி(ஹ்)ட்டுட்டே(ஹ்)ன் ஹ ஹ
(0.4)
ஆ: ஐயோ. அப்புறம் எப்படிப் போனே?

'அ' சொல்லுக்குள்ளேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார். முடிவிலும் சிரிக்கிறார். 'ஆ' சிரிக்கவில்லை. அரை நொடிக்குச் சற்றுக் குறைவான இடைவெளி, பிறகு அக்கறையான கேள்வி. பேசுபவர் தன் பேச்சின் முடிவில் சிரித்தால் அது கேட்பவரையும் சிரிக்க அழைப்பது என்று 1979இல் ஜெஃபர்சன் காட்டினார். ஆனால் சொந்தக் கஷ்டத்தைச் சொல்லும்போது நிலைமை தலைகீழ் என்பதையும் அவரே 1984இல் எழுதினார்: சொல்பவர் சிரிப்பார், 'நான் சமாளித்துக்கொள்கிறேன்' என்று காட்டுவதற்கு, கேட்பவர் சிரிக்காமல் கஷ்டத்தைக் கவனிப்பதுதான் முறை. மேலே 'ஆ' சேர்ந்து சிரித்திருந்தால் 'அ'வுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று எழுதியிருந்தால் இது எதுவுமே கண்ணில் பட்டிருக்காது.

சிரிப்பு வாக்கியத்தின் நடுவே அபூர்வமாகத்தான் குறுக்கிடுகிறது, முற்றுப்புள்ளி விழும் இடத்தில்தான் வருகிறது என்றார் ப்ரொவைன். உரையாடல் பகுப்பாய்வாளர்களின் பதிவுகளில் சொல்லுக்குள்ளேயே சிரிப்பு வந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் தெருவில் நின்று காதால் கேட்டுக் குறித்தவர், மற்றவர்கள் ஒரே நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டவர்கள். கருவி மாறினால் காண்பதும் மாறும். எந்த முடிவைப் படித்தாலும் எப்படிக் குறித்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

ஒலியை அளக்க 'ப்ராட்', ஒளிப்பதிவோடு சேர்த்துக் குறிக்க 'ஈலான்'. இரண்டும் இலவச மென்பொருள்கள். பயிற்சிக்கு ஒரு நல்ல வாய்விட்ட சிரிப்பை ப்ராட்டில் திறந்து, ஒவ்வொரு 'ஹ'வும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அடுத்தது எப்போது தொடங்குகிறது என்று அளந்து பாருங்கள். ப்ரொவைன் கண்டது ஒரு 'ஹ'வுக்கு ஏறக்குறைய 75 மில்லிவினாடி, ஒன்றின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்கு ஏறக்குறைய 210. காதுக்கு எவ்வளவு சீரற்றதாகக் கேட்கிறதோ, திரையில் அவ்வளவு சீராக இருப்பதைப் பார்க்கலாம். இந்தச் சின்ன ஒலிக்குள் நிறையத் தகவல் இருக்கிறது. 2016இல் கிரெகரி ப்ரையன்ட் குழுவினர் 24 சமூகங்களைச் சேர்ந்த 966 பேருக்கு, இருவர் சேர்ந்து சிரிக்கும் மிகச் சிறிய ஒலித்துண்டுகளைப் போட்டுக் காட்டி, இவர்கள் நண்பர்களா அந்நியர்களா என்று கேட்டார்கள். மொத்தத்தில் 61 சதவீதம் சரியான விடை. பேச்சே இல்லாமல், வெறும் சிரிப்பை மட்டும் கேட்டுச் சொன்னது இது.

ஆறாம் படி: அளவுகோல்களை நம்பாமல் பயன்படுத்துங்கள்

உளவியல் பக்கம் போகிறவர்கள் அதிகம் சந்திப்பது 2003இல் ராட் மார்ட்டின் குழுவினர் வெளியிட்ட நகைச்சுவைப் பாங்கு வினாநிரல். 32 கேள்விகள், நான்கு பாங்குகள்: உறவை வளர்ப்பது, தன்னைத் தேற்றிக்கொள்வது, பிறரைத் தாக்குவது, தன்னையே இழிவுபடுத்திக்கொள்வது. மொழிபெயர்த்துப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒருவர் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி ஆங்கிலமாக்கி ஒப்பிடும் முறையைத் தவறவிடாதீர்கள். பிறர் சிரித்தாலே தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று அஞ்சும் இயல்பை அளக்கவும் தனி வினாநிரல் உண்டு. பல நாடுகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆனால் தன் நகைச்சுவை உணர்வைத் தானே மதிப்பிடுவது பற்றி ஓர் எச்சரிக்கை. 1999இல் க்ரூகரும் டன்னிங்கும் 65 மாணவர்களிடம் 30 ஜோக்குகளைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். தொழில்முறை நகைச்சுவையாளர்களின் மதிப்பீட்டோடு அதை ஒப்பிட்டார்கள். கடைசிக் கால்பங்கில் விழுந்தவர்கள் உண்மையில் இருந்த இடம் கீழிருந்து நூற்றுக்கு 12, இருப்பதாகத் தாங்கள் நினைத்தது 58. திறன் குறைந்தவர்கள் அதை உணராததைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற ஆய்வின் முதல் சோதனை நகைச்சுவையைப் பற்றியது என்பது பலருக்குத் தெரியாது.

முகத்தைப் படிக்க விரும்பினால் எக்மனும் ஃப்ரீசனும் 1978இல் உருவாக்கிய முகச்செயல் குறியீட்டு முறையைக் கற்க வேண்டும். அதில் ஒவ்வொரு முக அசைவும் எண்ணிட்ட ஓர் அலகு: வாய்க்கோணம் மேலேறுவது 12ஆம் அலகு, கண்ணைச் சுற்றிய தசை சுருங்கிக் கன்னம் உயர்வது 6ஆம் அலகு. இரண்டும் சேர்ந்தால் மெய்யான மகிழ்ச்சி என்பது 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் சொன்னதிலிருந்து வந்த கருத்து. பழகியவர்கள் கண்ணையும் நடிக்கவைப்பார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து யாரையும் பொய்க்காரர் ஆக்க முடியாது.

ஏழாம் படி: 'நோய்விட்டுப் போகும்' என்பதைத் தள்ளி நின்று பாருங்கள்

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்ற வாக்கியத்துக்கு ஆதாரம் தேடித்தான் பலர் இந்தத் துறைக்கு வருகிறார்கள். நார்மன் கசின்ஸ் என்ற பத்திரிகையாளர், கடும் வலி தந்த மூட்டு நோயின்போது வேடிக்கைப் படங்கள் பார்த்துச் சிரித்ததைப் பற்றி 1976இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் எழுதியதிலிருந்து இந்த ஆர்வம் பெருகியது. அது ஒருவரின் அனுபவம். 2001இல் ராட் மார்ட்டின் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சலித்துப் பார்த்து, உடல்நலப் பயன்களுக்கான சான்று பொதுவாக வலுவற்றது என்றார். வலி தாங்கும் திறன் பற்றி மட்டும் ஓரளவு நல்ல சான்று உண்டு: 2012இல் ராபின் டன்பார் குழுவினர் கூட்டமாகச் சிரித்தவர்களுக்கு வலியின் தொடக்க எல்லை உயர்வதைக் காட்டினார்கள். மறுபக்கம், 1993இல் வெளியான ஒரு நெடுங்கால ஆய்வில், சிறுவயதில் கலகலப்பானவர்கள் என்று மதிப்பிடப்பட்டவர்களே சற்று முன்னதாக இறந்திருந்தார்கள். எந்தப் பக்கத்தையும் உடனே தலைப்புச் செய்தியாக்க வேண்டாம்.

புகழ்பெற்ற முடிவு என்றால் மறுசோதனை நடந்ததா என்று பாருங்கள். பேனாவைப் பல்லால் கடித்து முகத்தைப் புன்னகை வடிவில் வைத்தால் கேலிச்சித்திரம் அதிக வேடிக்கையாகத் தோன்றும் என்றது 1988 ஆய்வு. 2016இல் 17 ஆய்வுக்கூடங்கள் அதையே திருப்பிச் செய்தன, அந்த விளைவு வரவில்லை. 2022இல் 19 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில், புன்னகை முகத்தைப் பார்த்து அதேபோல் முகத்தை வைத்தவர்களுக்கு மகிழ்ச்சி சற்றுக் கூடியது. பேனா வழிக்கு மட்டும் உறுதியான விடை இல்லை. பாடநூல்கள் பலவற்றில் 1988 மட்டுமே இன்னும் இருக்கிறது.

எட்டாம் படி: இலக்கு யார் என்று எழுதுங்கள்

ஒரு குழுவைக் கேலி செய்யும் ஜோக்குகளைத் தொகுக்கிறீர்கள் என்றால் இரண்டு முகாம்களையும் படியுங்கள். பல நாட்டு 'முட்டாள்' ஜோக்குகளை ஒப்பிட்ட சமூகவியலாளர் கிறிஸ்டி டேவிஸ், இலக்காகிறவர்கள் பெரும்பாலும் முற்றிலும் அந்நியர்கள் அல்லர், சொல்பவர்களைப் போலவே இருந்து விளிம்பில் வாழ்பவர்கள் என்று 1990இல் காட்டினார். ஜோக்குகள் சமூகத்தைக் காட்டுமே தவிர மாற்றாது என்பது அவர் நிலை. உளவியலாளர் தாமஸ் ஃபோர்டின் சோதனைகள் வேறு சொல்கின்றன: ஏற்கெனவே காழ்ப்பு உள்ளவர்கள் இழிவு ஜோக்கைக் கேட்ட பிறகு பாகுபாட்டை இன்னும் எளிதாகச் சகித்துக்கொள்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், ஆனால் டேவிஸின் தரவுகளைத் தாண்டிப் போக முடியாது. எப்படியானாலும் அப்படிப்பட்ட ஜோக்கை மேற்கோள் காட்டுவதற்குமுன் பகுப்பாய்வுக்கு அது தேவையா என்று பாருங்கள். ஒன்று போதுமான இடத்தில் பத்து வைப்பது ஆய்வு ஆகாது.

ஒன்பதாம் படி: எதைப் படிப்பது, எங்கே அனுப்புவது

இந்தத் துறை ஒரு துறையாக ஒன்றுகூடத் தொடங்கியது 1976இல், வேல்ஸின் கார்டிஃபில் நடந்த முதல் பன்னாட்டு மாநாட்டில். 1988இலிருந்து 'ஹ்யூமர்' என்ற ஆய்விதழ் வருகிறது. பன்னாட்டு நகைச்சுவை ஆய்வுச் சங்கம் மாநாடுகள் நடத்துகிறது. 2013இல் தொடங்கிய 'யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் ஹ்யூமர் ரிசர்ச்' கட்டணமில்லாமல் இணையத்தில் கிடைக்கும். பணமில்லாமல் தொடங்குகிறவர்கள் அதன் பழைய இதழ்களின் உள்ளடக்கத்தை ஒருமுறை ஓட்டினாலே எந்தத் தலைப்புகள் நெரிசலாக உள்ளன, எவை காலியாக உள்ளன என்று தெரிந்துவிடும். முழுப் பார்வைக்கு மார்ட்டினும் ஃபோர்டும் எழுதிய நகைச்சுவை உளவியல் நூலின் 2018 பதிப்பு. தேடிப் பார்க்க, அட்டார்டோ தொகுத்த 2014ஆம் ஆண்டுக் கலைக்களஞ்சியம்.

தமிழ்த் தரவோடு எழுதி வெளியே அனுப்பும்போது ஒவ்வொரு துணுக்கையும் மூன்று வரிகளில் கொடுங்கள்: ஒலிபெயர்ப்பு, அதன்கீழ் சொல்லுக்குச் சொல் பொருள், அதன்கீழ் இயல்பான மொழிபெயர்ப்பு. மூன்றாம் வரியிலேயே ஜோக்கை மறுபடி சிரிக்கும்படி ஆக்க முயலாதீர்கள். எங்கே சிரிப்பு வருகிறது, ஏன் என்பதைக் கீழே தனிப்பத்தியில் விளக்குங்கள். விகுதியில் இருக்கும் மரியாதை வேறுபாடு, பேச்சு வழக்கிலிருந்து எழுத்து வழக்குக்குத் தாவுவது போன்றவை மொழிபெயர்ப்பில் முழுவதும் காணாமல் போகும், ஆகவே அவற்றை இரண்டாம் வரியில் குறியிட்டு வையுங்கள். மதிப்பீட்டாளர் தமிழ் தெரியாதவராக இருக்க வாய்ப்பு அதிகம். அவர் முதலில் கேட்கப் போவதும் அதைத்தான்.